மணி மரம்

ஷெர்வின் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். பாலை வைத்தான். பால் காய்வதற்குள் வாளியில் தண்ணீர் பிடித்தான். ஒரு டம்ளர் பாலில் சர்க்கரை போட்டு ஆற்றி மூடி வைத்தான். தனக்குக் கடுங்காப்பி. காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு கடையில் தூள் வாங்கிக் குடிக்கிறான் என்று முன்பெல்லாம் மனைவி ஆன்மேரி சிரிப்பாள். இப்போது சிரிக்க ஆள் இல்லை. காப்பி காப்பியாக மட்டும் இருந்தது.

முந்தின நாள் துணிகளை மடித்தான். பழைய சோற்றை வெளியே கோழிக்கு வைத்தான். பிறகு மகளை எழுப்பப் போனான்.

சாரா ரப்பர் பூட்ஸ் போட்டபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இடது கால் பூட்ஸ் வலது காலில். வலது கால் பூட்ஸ் இடது காலில்.

"எதுக்குக் கண்ணு படுக்கையில பூட்ஸு?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "மணி அடிச்சா உடனே போகணும்ல."

"மணியெல்லாம் இப்ப இல்ல."

"இருக்கு."

ஷெர்வின் பூட்ஸைக் கழற்றினான். முக்காலி போட்டு ஏறி, பரணில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினான். பின்னல் அவனுக்கு வராது. மகளின் தலையை வாரி ரப்பர் பேண்டு போட்டுவிட்டான். ஃபோனில் பேரிடர் எச்சரிக்கை ஒன்று வந்திருந்தது. மதியத்துக்கு மேல் மலைப்பகுதிகளில் இடியுடன் கனமழை, பலத்த காற்று. வெளியே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சித்திரையில் அப்படித்தான் இருக்கும்.

வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாராவைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் சாலையை விட்டு இறங்கினால், மண்பாதையின் முடிவில் அந்த எஸ்டேட். ஷெர்வின் அங்கே ரைட்டர். ஆள் கணக்கும் சாவிக் கொத்தும் அவன் பொறுப்பு. பி.காம். முடித்துவிட்டு, சேலத்தில் கிடைத்த வேலையை விட்டு இங்கே வந்தான். பனி வேண்டும் என்று ஆன்மேரி ஆசைப்பட்டாள்.

போன வருஷம் வரைக்கும் எஸ்டேட்டில் ஒரு மணி இருந்தது. மணி என்றால் கோயில் மணி இல்லை. தண்டவாளத் துண்டு ஒன்று. காப்பி உலர்த்தும் களத்துக்கு அந்தப் பக்கம், மேட்டில் நின்ற பெரிய சில்வர் ஓக் மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் தட்டுவதற்கு ஓர் இரும்புக் கம்பி. மழை இருட்டினாலும் மூடுபனி இறங்கினாலும் மணி அடிக்கும். மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர்கள் இறங்கி மணி மரத்தடிக்கு வரவேண்டும். பனியில் முகம் தெரியாது என்பதால், வருகிறவர் தன் பேரைச் சொல்ல வேண்டும். பேர் சொன்னவர் எதிரே மூட்டை அடுக்கும் ஸ்டோருக்குள் போய்விடலாம். வெளியே போனவர் வழியில் இருந்தால் அவருக்கும் அந்தச் சத்தம்தான் துணை. கடைசி ஆள் வந்து பேர் சொல்கிறவரை மணி நிற்காது. அடிப்பது ரைட்டரின் வேலை. ரைட்டர் இல்லாத நேரத்தில் ரைட்டர் வீட்டு ஆள் அடிக்க வேண்டும்.

இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்கக்கூடாது என்று அந்த எஸ்டேட்டில் பால்குடிப் பிள்ளை தவிர எல்லோருக்கும் தெரியும். மணி மரத்தை மட்டும் யாரும் மரமாக நினைத்ததில்லை.

போன சித்திரையில், ஷெர்வின் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் உரம் பார்க்கப் போயிருந்த ஒரு மதியம், ஆன்மேரி மணி அடித்துக்கொண்டிருந்தபோது அந்த மரத்தில் இடி விழுந்தது.

ஏணியில் இருந்தவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே வந்து பேர் சொல்லி ஸ்டோருக்குள் போய்விட்டார்கள். நடுவில் ஒரு தடவை அடிப்பதை நிறுத்தி, ஃபோனை எடுத்துப் பேசினாளாம். பிறகு மறுபடியும் கம்பியைத் தூக்கினாள். பறிப்பு ஆட்களின் தலைவி காளியாயி கதவிலிருந்து கத்திக் கூப்பிட்டிருக்கிறாள். ஆன்மேரி, இருங்க வந்திர்றேன் என்பது போலக் கையை மட்டும் ஆட்டினாள். அப்புறம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, மிளகு பறிக்கும் ஐயாக்கண்ணு மட்டும் வரவில்லை. அவர் காலையிலேயே வயிற்றுவலி என்று யாரிடமும் சொல்லாமல் செம்மநத்தத்துக்கு நடந்துவிட்டார். இடி விழுந்தபோது வீட்டில் படுத்திருந்தார். அவருக்காகத்தான் அந்தம்மா நின்றாள் என்று எஸ்டேட்டே முடிவு கட்டியது. ஐயாக்கண்ணுவும் அப்படித்தான் நம்பினார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

அவள் கடைசியாகப் பேசியது ஷெர்வினிடம். அதனால் எல்லோரும் அவனைக் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. மாமியாரிடம், பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். கோயில் ஃபாதரிடம், சேசுவே என்றாள் என்றான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றான். ஒவ்வொருவரும் தங்களுக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மரத்தை வெட்டினார்கள். தண்டவாளத் துண்டைச் சேலத்துக்கு ஜீப்பில் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டான் ஷெர்வின். ஸ்டோர் கூரைக்கு இடிதாங்கி வைத்தாயிற்று. மணிக்குப் பதில் விசில். மேட்டில் இடுப்பளவு அடிக்கட்டை மட்டும் மிச்சம்.

ஸ்டோர் வாசலில் காளியாயி காத்திருந்தாள். பின்னால் பறிப்புப் பெண்கள். யார் கையிலும் சாக்கு இல்லை.

"ஏனுங்க ரைட்டரே, இன்னிக்கு யாரும் மிளகுக்கு வரமாட்டேங்கறாங்க."

"மத்தியானத்துக்கு மேல ஏணி வேண்டாம்னு நானே சொல்லிட்டேனேக்கா. காலைல மட்டும் பாருங்க."

"ஏர்றதுக்குப் பயமில்லீங்க. எறங்கறதுக்குத்தான் பயம்." அவள் முகவாயால் மேட்டைக் காட்டினாள். "எறங்குனா காலு ஸ்டோருக்கு வரோணும்ல? வரமாட்டேங்குது. அங்க போவுது."

ஷெர்வின் சாராவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"போன மழைக்கு இந்த சுஜாதாவ நாங்க இழுத்துக்கிட்டு வந்தோம். அந்தக் கட்டைகிட்ட நின்னுக்கிட்டு, தம்பேரத் தானே சொல்லிக்கிட்டிருக்கறா."

சுஜாதா இளம்பெண். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. மணி அடிச்சுது. போனேன். எப்பவும் போற மாதிரிதானுங்க போனேன்."

"இவள இந்தப் பக்கம் இழுத்ததும் அங்க இடி உழுந்துச்சு. பின்னாடியே போன கன்னுக்குட்டி செத்துக் கெடந்துது. நீங்கதான பொதைக்கச் சொன்னீங்க?"

"மணியை எடைக்குப் போட்டு ஒரு வருசம் ஆச்சுக்கா."

"அது உங்களுக்குத் தெரியும் சாமி. ரைட்டரம்மாவுக்குத் தெரியுமா?"

பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். காளியாயி குரலை இறக்கினாள்.

"ஐயாக்கண்ணுவக் கூட்டியாங்க. அவன் வந்து ஒரு தடவ பேரச் சொல்லிரட்டும். அந்தம்மா கையக் கீழ போடட்டும். நொம்ப நாளாத் தூக்கிக்கிட்டே நிக்குது, பாவம்."

ரைட்டருக்கும் மணி கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தோளில் சாரா தலையைச் சாய்த்திருந்தாள். வெறும் கால்கள் அவன் இடுப்பில் இடித்தன. அந்தப் பூட்ஸ் ஞாபகம் வந்தது. இடி விழுகிற மேட்டுக்குப் போகத் தயாராகப் படுத்திருக்கிறது குழந்தை. நம்புவதா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தெரசம்மாளிடம் சாராவைக் கொடுத்துவிட்டு, பைக்கை எடுத்தான்.

செம்மநத்தத்தில் ஐயாக்கண்ணு வாசலில் உட்கார்ந்து பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய். ஷெர்வினைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"வாங்க ரைட்டரே. சொளை சாப்பிடறீங்களா?"

"ஒரு தடவை எஸ்டேட்டுக்கு வரணுங்கண்ணா."

"தெரியுமுங்க." அவர் கத்தியைச் சாக்கில் துடைத்தார். "இங்க வரைக்கும் கேக்குதுங்க. மழை கட்டுனாப் போதும். ஊட்டுல யாருக்கும் கேக்காது, எனக்கு மட்டும் கேக்கும். இங்கிருந்தே பேரச் சொல்லிப் பாத்தேன். எட்டலையாட்ட இருக்குது."

"உங்க மேல தப்பு இல்லீங்க."

"அதெப்படிங்க இல்லாமப் போவும்? ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருந்தா அந்தம்மா கம்பிய வெச்சிட்டு உள்ள போயிருக்கும்ல?"

ஷெர்வினிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. நாக்கின் நுனி வரை வந்தது.

"ஏறுங்க," என்றான்.

திரும்பும் வழியில் வெயில் இருந்தது. ஆனால் சேலம் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே கறுப்பு, மேலே காலிஃபிளவர் மாதிரி வெள்ளை. காற்று அடியோடு நின்றிருந்தது. சாலையோரத்தில் ஓர் இலை அசையவில்லை. சில்வண்டுச் சத்தமும் இல்லை. ஐயாக்கண்ணு பின்னால் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எஸ்டேட் வாசலில்தான் ஷெர்வினுக்குப் புரிந்தது. அவர் தன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இருட்டிவிட்டது.

ஷெர்வின் விசில் ஊதினான். காப்பிச் செடிகளுக்குள் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கடைசி ஆள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். ஜன்னல் கம்பியைத் தொடாதீர்கள், இரும்புக் கதவில் சாயாதீர்கள், சார்ஜரில் இருக்கும் ஃபோனைப் பிடுங்குங்கள், சுவரை விட்டுத் தள்ளி மூட்டை மேல் உட்காருங்கள் என்று வரிசையாகச் சொன்னான்.

"மூச்சு விடலாங்களா ரைட்டரே?" என்றாள் தெரசம்மாள். சாரா அவள் மடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டுக்கு வெளியே வெறும் பாதங்கள். கூட்டம் சிரித்தது.

மூலையில் நின்ற ஐயாக்கண்ணுவைக் காளியாயி ஏற இறங்கப் பார்த்தாள். "ஏப்பா, வயித்துவலி செரியாப் போச்சா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"பேரு சொல்லத்தான் வந்திருக்கேன் ஆயி," என்றார் அவர். "கொஞ்சம் சும்மாயிரு."

முதலில் காற்று வந்தது. சில்வர் ஓக் இலைகள் மொத்தமும் திரும்பி, மலைச்சரிவு ஒரே நொடியில் பச்சையிலிருந்து வெள்ளையானதை ஷெர்வின் ஜன்னல் வழியே பார்த்தான். எங்கோ ஒரு கொம்பு முறிந்தது. கல் வைத்திருந்தும் கூரைத் தகடு எழும்பி எழும்பி விழுந்தது. விளக்கு அணைந்தது. பிறகு மழை. பேச்சுக் கேட்காத மழை. கதவுக்கடியில் சிவப்புத் தண்ணீர் நாக்கு நீட்டி உள்ளே வந்தது. ஈர மண் வாசனை, சாக்கு வாசனை, காப்பித் தொலி வாசனை.

அதற்கடியில் இன்னொரு வாசனை.

முடி பொசுங்குகிற வாசனை.

பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

மின்னல். உடனே இடி. சுவர் அதிர்ந்தது. அந்த அதிர்வு அடங்கும் முன்பே, மேட்டுப் பக்கமிருந்து, தெளிவாக...

கணங்.

ஷெர்வின் சுற்றிலும் பார்த்தான். எல்லோர் முகமும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

கணங்.

சுஜாதா எழுந்துவிட்டாள். காளியாயி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தவளின் கால்விரல்களும் தரையைக் கீறிக்கொண்டிருந்தன.

கணங்.

"பேரச் சொல்லிருங்க," என்று தெரசம்மாள் கிசுகிசுத்தாள். "இங்கிருந்தே சொல்லிருங்க. சொன்னாக் காலு நிக்கும்."

"சுஜாதா."

"காளியாயி."

"தெரசம்மாள்."

ஒவ்வொரு மணிக்கும் ஒரு பேர். இருட்டில் மூலைக்கு மூலை பேர்கள் எழுந்தன. சொன்னவர் சொன்னவர் அப்படியே மூட்டை மேல் சரிந்து உட்கார்ந்தார்கள்.

"சாரா," என்றது ஒரு சின்னக் குரல்.

ஷெர்வின் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் ஐயாக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவு வரை போனார். கும்பிட்டார்.

"அம்மா, நாந்தேன். செம்மநத்தம் ஐயாக்கண்ணு. வந்துட்டேனுங்க. வந்துட்டேன் தாயி. நீங்க உள்ள போங்க."

மணி நின்றது.

மழை மட்டும். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. யாரோ விம்மினார்கள். ஐயாக்கண்ணு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காளியாயி அவர் முதுகைத் தட்டினாள். "அட விடு. இதுக்குப் போயி ஒரு வருசமா எங்களப் பாடாப் படுத்திட்டியேப்பா."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அழுகையும் சிரிப்புமாக.

ஷெர்வின் சிரிக்கவில்லை. அவன் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது.

மழை தொடங்கியதுமே டவர் போயிருந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. உள்ளங்கையால் பையை அழுத்திப் பிடித்தான். இதயத்துக்கு மேலேயே அது அதிர்ந்தது, அதிர்ந்தது, நின்றது.

கணங்.

சிரிப்பு பாதியில் அறுந்தது.

"நாந்தான் வந்துட்டேனுங்களே?" என்றார் ஐயாக்கண்ணு, குழந்தை மாதிரி. "சொல்லிட்டேனுங்களே?"

கணங். முன்பைவிட நிதானமாக. களைத்த கை ஒன்று அடிப்பது போல.

"ரைட்டரே!" தெரசம்மாளின் குரல். "பாப்பா! பாப்பா எங்க? இப்பத்தான மடியில இருந்தா!"

துண்டு மட்டும் கிடந்தது. மூட்டை இறக்கும் சின்னக் கதவு திறந்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஷெர்வின் இரும்புக் கதவின் தாழை உதைத்துத் திறந்து ஓடினான்.

களம் முழுக்கத் தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கும் ஓடை வழிமாறிக் களத்தின் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவு. காலை வாரியது. பக்கவாட்டில் ஒரு கொம்பு விழுந்து தண்ணீரோடு போனது. மின்னல் வெட்டும்போது மேடு தெரிந்தது. அடிக்கட்டை தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் கவுன் தெரிந்தது.

சாரா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் இருந்தபோது மணி தொங்கிய உயரத்தை.

அங்கே ஒன்றும் இல்லை. மழை மட்டும்தான்.

கணங்.

சத்தம் சரியாக அங்கிருந்துதான் வந்தது.

"சாரா! இங்க வா!"

அவள் திரும்பினாள். பயமே இல்லாத முகம். காலில் ரப்பர் பூட்ஸ். இடது கால் பூட்ஸ் இடது காலில், வலது கால் பூட்ஸ் வலது காலில்.

பூட்டிய வீட்டுப் பரணில் இருந்த பூட்ஸ்.

"அப்பா, சீக்கிரம் பேரச் சொல்லுங்க," என்றாள். "அம்மாவுக்குக் கை வலிக்குதாம்."

ஷெர்வினின் வாய் திறந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் திறந்தது. ஜன்னலைச் சாத்தி, தலையணையில் முகத்தைப் புதைத்து, அவன் அடக்கி வைத்த அந்த ஒரு சொல். சொன்னால் போதும். கால் தானாக அந்த மேட்டில் ஏறும். அப்புறம் காப்பி போட வேண்டாம். துணி மடிக்க வேண்டாம். அவள் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள்.

ஷெ, என்று உதடு குவிந்தது.

அப்போதுதான் மகளின் தலைமுடியைப் பார்த்தான்.

கொட்டுகிற மழையில் ஒட்டிக் கிடந்த முடி, ஒவ்வொரு இழையாக, மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். அடுத்த இடி எங்கே இறங்கப் போகிறது என்பதன் அடையாளம் அது. தன் கையிலும் மயிர்க்கால்கள் குத்திட்டன. காதுக்குள் தேனீ இரைந்தது.

வாயை மூடினான். நாக்கு கடிபட்டு ரத்தம் உப்புக் கரித்தது. இரண்டே எட்டில் மேடேறிச் சாராவை அள்ளினான். மேட்டின் மறுபக்கச் சரிவில் உருண்டான். பள்ளத்தில் கால்களைச் சேர்த்துவைத்துக் குந்தி, அவளைத் தொடை மேல் சுருட்டி, அவள் காதுகளைப் பொத்தினான்.

உலகம் வெள்ளையானது.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. பல் கூசியது. எலும்பு கூசியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணுக்குள் மட்டும், கையை உயர்த்தி நிற்கும் ஓர் உருவத்தின் கறுப்பு நிழல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடினாலும் தெரிந்தது.

மழை ஓய்ந்ததும் எல்லோரும் மேட்டுக்கு வந்தார்கள். அடிக்கட்டை நெடுக்காகப் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. காளியாயி சாராவைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"அவ்வளவுதேன் சாமி," என்றாள். "ஐயாக்கண்ணு பேர வாங்கிக்கிச்சு. கட்டையும் போயிருச்சு. இனி வராது."

"அப்ப அதுக்கப்பறம் அடிச்சது?" என்று சுஜாதா மெதுவாகக் கேட்டாள்.

"அது போயிட்டு வர்றேன்னு சொல்லிச்சுடி. வாய மூடு."

ஐயாக்கண்ணு ஷெர்வினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. "நாளைக்கு வேலைக்கு வரட்டுங்களா ரைட்டரே?"

"வாங்கண்ணா."

சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. அந்த மனிதர் நிம்மதியாக இருந்தார். இருக்கட்டும்.

வீட்டுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே பரண் மேல் அட்டைப் பெட்டிகள் ஒன்றும் கலையவில்லை. சாராவின் தலையைத் துவட்டினான். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி வாசலில் கவிழ்த்து வைத்தான்.

"இதை யாரு கண்ணு எடுத்துக் குடுத்தா?"

"அம்மாதான் போட்டு விட்டாங்க. இவ்வளவு பெரிய பொண்ணாயி இன்னும் மாத்திப் போடறியான்னு திட்டினாங்க."

பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப் போனாள்.

ஷெர்வின் படியில் உட்கார்ந்தான். மேற்கே மேகம் கலைந்து வானம் ஆரஞ்சாகியிருந்தது. இலைகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் வெயில் பட்டது. காற்று இல்லை. மலைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு மின்னல் இல்லை.

கணங்.

அவன் திரும்பிப் படுக்கையைப் பார்த்தான். சாரா அசையவில்லை. அவள் பேர் சொல்லியாகிவிட்டது. தொழிலாளர் வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் எழுந்து வெளியே வரவில்லை. எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

கணங்.

ஷெர்வின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஐயாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு நடப்பதை அன்று காலையிலேயே இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தவள் ஆன்மேரி. ஓமத் தண்ணியாவது குடுத்திருக்கலாம் என்று அவனிடம் வருத்தப்பட்டவளும் அவள்தான். அவருக்காக அவள் காத்திருக்கவில்லை.

அவன் ஒண்டிக்கடையில் ஒரு கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான். ஃபோன் அடித்தது. அவள் பக்கம் மழை இரைந்தது. ஓங்கி அடித்த களைப்பில் அவள் மூச்சு வாங்கியது. அவன் பைக்கில் பாதி வழி வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் கிளம்பவே இல்லை, நீ உள்ளே போ என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் சொல்லி முடித்திருந்தாள். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கிடைக்கவில்லை.

பாப்பாவைப் பற்றி அவள் பேசவில்லை. சேசுவைக் கூப்பிடவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்:

"எல்லாரும் வந்தாச்சுங்க. நீங்க ஒருத்தருதான் பாக்கி."